பிஸ்கட் டின்னில் விழுந்த சீட்டுகள்: ரேடியோ விமானக் கேள்வி பதில்

மூன்று வாரமாக விடாத மழை. ஓடுபாதையில் தண்ணீர் நிற்கிறது. கை சும்மா இருந்தால் வாயாவது வேலை செய்யட்டும் என்று, தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் மாடல் விமானங்களுக்கான எங்கள் கிளப்பின் கொட்டகையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, கேள்விகளை எழுதிப் போடச் சொன்னார்கள். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கிளப்பில் அதிக விமானங்களை உடைத்தவன் என்ற தகுதியில்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணா, நான் புதிது. முதல் விமானமாக ஒரு போர் விமான மாடல் வாங்கலாமா? பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது.

அழகுதான், ஆனால் இப்போது வேண்டாம் தம்பி. அதன் இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும், வேகம் அதிகம், ஒரு பக்கம் சாய்ந்தால் தானாக நிமிராது. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்து, முனைகள் இரண்டும் சற்று மேல்நோக்கி இருக்கும், பழகுவதற்கென்றே செய்த ஃபோம் டிரெய்னர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திகைத்துப்போய் டிரான்ஸ்மிட்டரின் (கையில் பிடிக்கும் கன்ட்ரோல் பெட்டி) ஸ்டிக்கை விட்டுவிட்டாலும் அது தானே நிமிரப் பார்க்கும். இறக்கை நீளம் 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சின்னது சுலபம் என்று நினைப்பார்கள். சின்னது காற்றில் அலைபாயும், நூறு மீட்டர் தள்ளிப் போனால் கண்ணுக்கும் தெரியாது. முதல் பத்துப் பதினைந்து முறை தனியாகப் பறக்க வேண்டாம். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு டிரான்ஸ்மிட்டரை இணைத்துத் தருகிறோம். என் விரல் சுவிட்சின் மேல் இருக்கும் வரை விமானம் உங்கள் கையில். எடுத்தால் என் கைக்கு வந்துவிடும்.

விமானம் என்னை நோக்கி வரும்போது இடது வலது குழம்பிப் போகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். ஒரு வழி சொல்கிறேன். விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாக ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்ந்த பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போல. இடது வலது என்று மனசுக்குள் கணக்குப் போடவே வேண்டாம். சிமுலேட்டரில் இதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள்.

எவ்வளவு காற்று வரை பறக்கலாம் சார்? ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் என்கிறார், இன்னொருவர் 30 என்கிறார்.

இரண்டு பேரும் சரி. அவரவர் விமானத்துக்கும் அவரவர் கைக்கும் தகுந்தபடி சொல்கிறார்கள். டிரெய்னர் வைத்திருப்பவர் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் வேகத்தைவிடக் காற்றின் குணம்தான் முக்கியம். ஒரே சீராக 20 அடித்தால் சமாளித்துவிடலாம். 5 அடித்து, நின்று, திடீரென்று 20 அடித்தால் அனுபவசாலியும் வியர்ப்பார். நம் மைதானத்தின் ஓரத்தில் மரவரிசை இருக்கிறதே, காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் நாளில் மரங்களைத் தாண்டிச் சுருண்டு சுருண்டு கீழே இறங்கும். அதில் மாட்டிய விமானம் படிக்கட்டில் உருண்ட மாதிரி குலுங்கும். வந்தவுடன் கம்பத்தில் கட்டியிருக்கும் ரிப்பனை ஐந்து நிமிடம் பாருங்கள். நீண்டு பறக்கிறதா, துள்ளுகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், காற்று நாளில் விமானங்கள் விழும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பும் இடம். காற்றும் சேர்ந்து தள்ளுவதால் விமானம் பிய்த்துக்கொண்டு போவது போலத் தெரியும். 'ஐயோ, வேகம்' என்று மோட்டார் வேகத்துக்கான த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைத் தூக்கும் எலிவேட்டரை இழுப்பார்கள். தரையோடு ஒப்பிட்டால்தான் வேகம். இறக்கைக்கு வேண்டிய காற்று வேகம் அங்கே கூடவில்லை. ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, ஒரு பக்கம் தாழ்ந்து குப்புற விழும். இன்னொன்று, இறங்கும்போது கடைசி மூன்று மீட்டர். தரைக்குப் பக்கத்தில் எதிர்காற்று குறைவு. மேலே இருந்த எதிர்காற்றை நம்பி மெதுவாக வந்த விமானம் அங்கே கால் தடுக்கியது போலத் தொப்பென்று விழும். சக்கரம் தரையைத் தொடும் வரை கொஞ்சம் த்ராட்டில் இருக்கட்டும்.

கோடை மதியத்தில் அதே விமானம் மேலே எழும்ப நீண்ட ஓட்டம் ஓடுகிறது. மோட்டார் தேய்ந்துவிட்டதா?

மோட்டார் மேல் பழி போடாதீர்கள். கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 40 டிகிரியில் அதுவே சுமார் 1.13 கிலோ. கிட்டத்தட்ட 8 சதவீதம் காற்று காணாமல் போய்விட்டது! இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறைவு. ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகு எழுப்புங்கள். இழுத்துத் தூக்காதீர்கள்.

கோடையில் மூடிய காரில் விமானத்தை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஃபோம் வளையும், இறக்கையில் ஒட்டிய பிளாஸ்டிக் ஃபிலிம் கொப்புளிக்கும். ஆனால் கிளைடர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பருவம். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றுத் தூண் நம் கண்ணுக்குத் தெரியாது, பருந்துக்குத் தெரியும். இறக்கை அடிக்காமல் ஒரு பருந்து வட்டமிட்டு ஏறினால், பேசாமல் அதன் கீழே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் பேட்டரி பாதியிலேயே கையை விரிக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

முதலில் சூடு காட்டிப் பாருங்கள். குளிரில் லிப்போவின், அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியின், உள்தடை கூடும். த்ராட்டிலைத் தள்ளியதும் வோல்டேஜ் சரியும், காலியாகிவிட்டது என்று நினைத்து ஸ்பீடு கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தும். பறக்கும் வரை பேட்டரியைச் சட்டைப் பையிலோ, வெந்நீர் பாட்டில் வைத்த பெட்டியிலோ வைத்திருங்கள். கை வைத்தால் கதகதவென்று இருந்தால் போதும். உறையும் குளிரில் இருக்கும் பேட்டரியைச் சார்ஜ் மட்டும் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பிற்பாடு தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இந்த மழை விடுமுறைக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முழு சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், வாரக்கணக்கில் வைத்தால் பேட்டரி உப்பிப் போகும். 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

கொட்டகைச் சுவரில் எண் போட்ட பழைய பலகையும் துணி கிளிப்புகளும் எதற்கு? எடுத்துப் போடலாமா?

தொடாதே அப்பா! முன்பு ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் கிரிஸ்டல் மாட்டி ஒரு குறிப்பிட்ட அலைவரிசை இருக்கும். பலகையில் இருப்பது அந்த அலைவரிசைகளின் எண்கள். ஒரே எண்ணில் இரண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் பறந்துகொண்டிருக்கும் விமானம் அவ்வளவுதான். அதனால் பலகையிலிருந்து உங்கள் எண் கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிய பிறகுதான் ஸ்விட்ச் போடலாம். கிளிப் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவில் பறக்கவிட்டபோது இந்தத் தொல்லை இருந்திருக்காது. வானத்தில் போட்டிக்கு யார் இருந்தார்கள்? இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் விமானத்தில் இருக்கும் தங்கள் ரிசீவரை மட்டும் அடையாளம் கண்டு பேசுகின்றன. கிளிப்புக்கு வேலை இல்லை. ஆனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்த காலத்தில் பேச்சு அதிகம் இருந்தது.

எரிபொருளில் ஓடும் குளோ என்ஜினுக்கும் பருவம் உண்டா?

உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வெயிலில் அதற்கு நேர்மாறு.

மழைக்காலத்தில் விமானக்காரன் என்ன செய்ய வேண்டும்?

பழுது பார்க்க வேண்டும். பழுது பார்த்ததைச் சந்தேகப்பட வேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு.

ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பால்சா என்ற லேசான மரத்தில் ஓர் இறக்கை செய்தேன். இறக்கைக்குள் இருக்கும் விலா எலும்பு போன்ற ஒவ்வொரு ரிப்பையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, சிவப்பு ஃபிலிம் ஒட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டேன். ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடும் தட்டு) அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவின் தண்டை எதிர்ப்பக்கத்தில் மாட்டியது மட்டும் கவனத்துக்கு வரவில்லை. மழை விட்ட முதல் ஞாயிறு மைதானத்தில் ஸ்டிக்கை ஆட்டினேன், ஏலரான்களும் ஆடின. 'ஆடுகிறது, சரி' என்று கிளம்பிவிட்டேன். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவில்லை. எழும்பியதும் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன், இன்னும் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தேன். மொத்தம் நான்கு விநாடி இருக்கும். சிவப்பு ஃபிலிம் துண்டுகளை மட்டும் பொறுக்கி வந்தேன்.

விமானத்தின் பின்னால் நின்று, ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்கள். வலது ஏலரான் மேலே போக வேண்டும், இடது கீழே. இதை இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லித்தான் பார்க்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மழை எப்போது நிற்கும்?

அது என் துறை இல்லை. நின்றதும் ஓடி வரத்தான் போகிறீர்கள், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்மிட்டரைப் போட்ட பிறகுதான் விமானத்தில் பேட்டரி. விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை, சிக்னலின் சக்தியைக் குறைத்துச் சோதிக்கும் ரேஞ்ச் செக்கில் வைத்து 30 தப்படி தள்ளிப் போய் எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்றும் பாருங்கள், ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு. அப்புறம், ஓடுபாதையின் கிழக்கு முனையில் சேறு காய இன்னும் ஒரு வாரம் ஆகும். அந்தப் பக்கம் இறக்காதீர்கள்.