எழுதும் பக்கம் வெள்ளையா, கறுப்பா? – வாசகர் கேள்வி பதில்

கணினியில் எழுதுவது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டார்க் மோடு, அதாவது கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்தைக் காட்டும் அமைப்பு பற்றியவை. நான் கண் மருத்துவர் இல்லை. நாள் முழுக்கத் திரையில் மெய்ப்புப் பார்ப்பவள். அந்த அனுபவத்தையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். காலையிலிருந்து இரவுவரை வேர்டுதான். மாலையானால் வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கவே முடியவில்லை, கண் கூசுகிறது. டார்க் மோடுதான் கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாறிவிடலாமா?

மாறுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். வேர்டில் ஒரு காலிப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளை ஏ4 தாளை மானிட்டரின் ஓரத்தை ஒட்டிப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத் தெரிகிறதா? அல்லது திரை பளீரென்றும் தாள் அழுக்குச் சாம்பலாகவும் தெரிகிறதா? இரண்டாவது என்றால் உங்கள் கண்ணைக் கூசவைப்பது வெள்ளை நிறம் இல்லை, மானிட்டரின் வெளிச்ச அளவு.

கணக்கு எளிதுதான். நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசையில் 500 லக்ஸ் ஒளி விழும். அந்த ஒளியில் ஒரு வெள்ளைத் தாளின் பிரகாசம் சதுர மீட்டருக்குச் சுமார் 125 கேண்டெலா. சாதாரண மானிட்டரே முழு பிரைட்னஸில் 250, 300 வரை போகும். அதாவது தாளைப்போல இரண்டு மடங்கு. மாலையில் அறை வெளிச்சம் குறையக் குறைய இந்த இடைவெளி இன்னும் கூடும். காலையில் பொருத்தமாக இருந்த திரை இரவில் கூசுவது அதனால்தான். தாளும் திரையும் ஒத்துப்போகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அறை விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். அப்புறமும் கூசினால் டார்க் மோடு பற்றி யோசிக்கலாம்.

ஏன் உடனே மாறச் சொல்லவில்லை என்றால், மொழிபெயர்ப்பாளருக்கு எழுதுவதைப்போலவே திருத்துவதும் பாதி வேலை. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. இளைஞர்களையும் முதியவர்களையும் வைத்துப் பார்வைக் கூர்மையையும் மெய்ப்புப் பார்க்கும் திறனையும் சோதித்தார்கள். இரண்டு வயதினருமே வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தபோதுதான் நன்றாகச் செய்தார்கள். அதே குழுவினரின் அடுத்த ஆய்வில், எழுத்து சிறிதாக ஆக இந்த வித்தியாசம் கூடியது. காரணம் கண்மணியில் இருக்கிறது. பக்கம் வெளிச்சமாக இருந்தால் கண்மணி சுருங்கும், பிம்பம் கூர்மையாக விழும். பக்கம் கறுப்பானால் கண்மணி விரியும், கண் லென்ஸின் சின்னச் சின்னக் குறைகளெல்லாம் பிம்பத்தில் வந்து சேரும். அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒளி கசிவதுபோலத் தெரிவதும் இதனால்தான்.

தமிழில் திருத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையே ஒரு சுழிதான் வித்தியாசம். கறுப்பின்மேல் வெள்ளைக் கோடு உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும் என்பது பழைய உண்மை. கோடு தடிக்கும்போது சுழிக்குள் இருக்கும் சிறு இடைவெளி அடைபடுகிறது. 11 புள்ளி அளவில் ‘கண்ணன்’ என்ற சொல்லை இரண்டு பின்னணியிலும் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். இதைவிட மோசமானது ‘ர’வும் துணைக்காலும். பல எழுத்துருக்களில் ‘ர’வின் காலடியில் இருக்கும் சின்ன வால்தான் அடையாளம். ‘காரணம்’ என்ற சொல்லில் ‘ர’வுக்குப் பதில் துணைக்கால் விழுந்திருந்தால் மென்பொருளில் தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது, கண்ணும் தாண்டிப் போய்விடும். இந்தப் பிழையை நான் வெள்ளைப் பக்கத்தில்தான் பிடிக்கிறேன், அதுவும் பக்கத்தை 140 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு.

முதல் வரைவை எந்தப் பின்னணியில் வேண்டுமானாலும் எழுதுங்கள். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் திருத்தும்போது வெள்ளைக்கு வந்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் ‘டார்க் கிரே’ தீம் என்று ஒன்று உண்டு. மேலே இருக்கும் பட்டைகள் கருஞ்சாம்பலாகும், பக்கம் வெள்ளையாகவே இருக்கும். அழகாக இருக்கிறது என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது நடுவில் உள்ள வெள்ளை இன்னும் பளீரென்றுதான் தெரியும். கூச்சம் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்குக் கண்புரை. இன்னும் அறுவை சிகிச்சை ஆகவில்லை. வெள்ளைப் பக்கத்தில் எழுத்து பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது, கறுப்புப் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது என்கிறார். டார்க் மோடு பார்வையைக் கெடுக்கும் என்று படித்தேன். அவரை அதில் படிக்க விடலாமா?

தாராளமாகப் படிக்க விடுங்கள். அப்பா சொல்வது முழுக்கச் சரி. கண்புரையில் லென்ஸ் மங்கியிருப்பதால் உள்ளே வரும் ஒளி சிதறுகிறது. பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தால் சிதறுவதற்கு நிறைய ஒளி கிடைக்கிறது, அது எழுத்தின்மேல் திரைபோலப் படர்கிறது. பக்கம் கறுப்பானால் சிதறும் ஒளியே குறைவு. கண்ணின் உள்ளே மங்கல் உள்ளவர்கள் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தை வேகமாகப் படிக்கிறார்கள் என்பது 1980-களிலேயே ஆய்வில் தெரிந்த விஷயம். மேலே நான் சொன்ன பொதுவான முடிவு அவருக்குப் பொருந்தாது. டார்க் மோடு பார்வையைக் கெடுத்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். எழுத்தை 16, 18 புள்ளிக்குப் பெரிதாக்கிக் கொடுங்கள். மெல்லிய கோடுள்ள எழுத்துருவைத் தவிருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ள வேர்டு என்றால் ‘ஃபைல்’, ‘அக்கவுன்ட்’ போய் ‘ஆபிஸ் தீம்’ என்ற இடத்தில் ‘பிளாக்’ தேர்ந்தெடுங்கள். பக்கமும் சேர்ந்து கறுப்பாகும். இந்த வசதி 2021-இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பட்டைகள் மட்டும்தான் கறுக்கும். ‘வியூ’ பட்டையில் ‘ஸ்விட்ச் மோட்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பக்கம் மட்டும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் மாறும். அப்பாவின் கணினியை நீங்களும் பயன்படுத்தினால் அந்தப் பொத்தான் போதும்.

கேள்வி: என் நாவலை வேர்டில் பக்கத்தைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாக்கி எழுதி முடித்தேன். பிரின்ட் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள்களாக வருகிறது. மெயிலில் ஒட்டினாலும் ஒன்றும் தெரியவில்லை. எழுத்தெல்லாம் போய்விட்டதா?

ஒன்றும் போகவில்லை, நிம்மதியாக இருங்கள். ஒவ்வொரு எழுத்தும் அங்கேயேதான் இருக்கிறது, வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில்.

நீங்கள் செய்தது டார்க் மோடு இல்லை. ‘டிசைன்’ பட்டையில் உள்ள ‘பேஜ் கலர்’ மூலம் பக்கத்துக்கே நிறம் கொடுத்திருக்கிறீர்கள். டார்க் மோடு என்பது நீங்கள் பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றுவது. கோப்புக்குள் எதுவும் மாறாது, பிரின்ட் வழக்கம்போலக் கறுப்பு எழுத்தாகவே வரும், பெறுகிறவருக்கும் வெள்ளைப் பக்கம்தான் திறக்கும். பேஜ் கலர் அப்படியில்லை. அது கோப்பின் பகுதியாகவே சேமிக்கப்படும். ஆனால் பிரின்ட் எடுக்கும்போது பின்னணி நிறத்தை அச்சிடாமல் விடுவதுதான் வேர்டின் இயல்பான அமைப்பு. கறுப்பு விடுபட்டது, நீங்கள் கொடுத்த வெள்ளை எழுத்து மட்டும் அச்சுக்குப் போனது.

சரிசெய்வது இப்படி. முதலில் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பேஜ் கலர்’ போய் ‘நோ கலர்’ கொடுங்கள். அப்புறம் கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்தின் நிறத்தை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். கறுப்பு என்று கொடுக்காதீர்கள், ஆட்டோமேட்டிக் என்றே கொடுங்கள். ஆட்டோமேட்டிக் எழுத்து பின்னணியைப் பார்த்துத் தானே கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறிக்கொள்ளும். நாளை மறுபடி டார்க் மோடில் திறந்தாலும் தொல்லை இருக்காது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கன்ட்ரோல்-ஏ பக்கத்தின் நடுவில் உள்ள பகுதியை மட்டும்தான் பிடிக்கும். அடிக்குறிப்புகள், பக்க எண்கள், பெட்டிக்குள் இருக்கும் வரிகள் ஆகியவை அதில் சேராது. நாவலில் அடிக்குறிப்பு இருந்தால் அதற்குள் ஒருமுறை கிளிக் செய்து மறுபடி கன்ட்ரோல்-ஏ கொடுத்து மாற்றுங்கள். பக்க எண்ணுக்கும் அப்படியே. இடையில் சில வரிகளுக்கு வேண்டுமென்றே சிவப்போ நீலமோ கொடுத்திருந்தால் கன்ட்ரோல்-ஏ வழியில் அதுவும் போய்விடும். அப்போது ‘ரீபிளேஸ்’ பெட்டியில், தேட வேண்டியது வெள்ளை நிற எழுத்து, மாற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் என்று ‘ஃபார்மேட்’ வழியாகக் கொடுங்கள். மற்ற நிறங்களைத் தொடாது.

ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டு வெற்றுத் தாளைப் பார்த்த அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். மெய்ப்புக்கு வரும் கோப்புகளில் இதன் சின்ன வடிவத்தை அடிக்கடி பார்க்கிறேன். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஒரு பத்தி மட்டும் வெளிர்சாம்பலாகவோ, பின்னால் ஒரு கறுப்புப் பட்டையோடோ இருக்கும். டார்க் மோடில் எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்தப் பார்வையில் வேர்டு எல்லா நிறங்களையும் கொஞ்சம் தணித்துக் காட்டும். கோப்பை யாருக்கும் அனுப்புமுன் ஒருமுறை வெள்ளைப் பக்கத்துக்கு மாற்றி, மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பாருங்கள். ஒட்டும்போதே ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ கொடுத்தால் நிறம் கூடவே வராது.

கேள்வி: அந்தக் காலத்தில் கணினித் திரை கறுப்பாகத்தானே இருந்தது? பிறகு ஏன் வெள்ளைக்கு மாறினார்கள்?

ஆமாம், நான் தொழில் பழகியதே கறுப்பில் பச்சை எழுத்துள்ள திரையில்தான். 1978-இல் வந்த வேர்டுஸ்டார் போன்ற எழுதுமென்பொருள்கள் அப்படிப்பட்ட திரைகளில்தான் ஓடின. பழைய குழாய்த் திரையில் பெரிய வெள்ளைப் பரப்பைக் காட்டினால் அது துடிப்பது கண்ணுக்குத் தெரியும். எழுத்தை மட்டும் ஒளிரவைப்பது எளிது.

வெள்ளைப் பக்கம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திலிருந்து வந்தது. அங்கே 1973-இல் செய்த ஆல்டோ என்ற கணினியின் திரை தாளைப்போல நெட்டுவாக்கில் இருந்தது, வெள்ளையின்மேல் கறுப்பு எழுத்து. அதற்காக பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து ‘பிராவோ’ என்ற எழுதுமென்பொருளை உருவாக்கினார்கள். திரையில் பார்ப்பதே தாளில் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். சிமோனி 1981-இல் மைக்ரோசாஃப்ட் போனார், அங்கே வேர்டு பிறந்தது. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி வெள்ளைப் பக்கத்தைப் பொதுமக்களின் மேசைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. 1989-இல் வந்த வேர்டுபர்ஃபெக்ட் 5.1 என்ற எழுதுமென்பொருள் நீலத் திரையில் வெளிர் எழுத்தோடுதான் கொடிகட்டிப் பறந்தது. அந்தப் பழக்கத்தை விட முடியாதவர்களுக்காக வேர்டு 2003 வரைக்கும் ‘நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து’ என்ற தேர்வு இருந்தது. ஒரே நிறத்தை எல்லோர்மேலும் திணிக்காமல் அப்படி ஒரு வழி விட்டிருந்ததை நான் இன்றும் மதிக்கிறேன்.

கேள்வி: டார்க் மோடில் லேப்டாப் பேட்டரி மிச்சமாகுமா?

திரை எல்சிடி என்றால் ஆகாது. பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓஎல்இடி, அதாவது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை என்றால் ஓரளவு ஆகும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் ஓஎல்இடி திரையுள்ள போன்களில் அளந்து பார்த்தது. முழு பிரைட்னஸில் சராசரியாக 39 முதல் 47 சதவீதம்வரை மிச்சம். 30 முதல் 50 சதவீத பிரைட்னஸில் வெறும் 3 முதல் 9 சதவீதம். பிரைட்னஸைக் குறைப்பதே போதும்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போகிறது. கறுப்புப் பின்னணியில் படித்தால் நிற்குமா?

2018-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படித்தவர்களுக்கு விழித்திரையின் பின்னால் உள்ள கோராய்டு படலம் சற்று மெலிந்தது, கறுப்பில் வெள்ளை எழுத்தைப் படித்தவர்களுக்குச் சற்றுத் தடித்தது. படலம் மெலிவது கிட்டப்பார்வையோடு தொடர்புள்ளது என்பதால் இது கவனிக்கத்தக்கது. ஆனால் கலந்துகொண்டவர்கள் ஏழு பேர்தான், பார்த்ததும் ஒரு மணி நேர விளைவைத்தான். இதை நம்பிக் கண்ணாடி சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கறுப்புப் பின்னணி உங்களுக்கு வசதியாக இருந்தால் படியுங்கள். திரையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அடிக்கடி எழுந்து தூரத்தைப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பும் பிடிக்கவில்லை, வெள்ளையும் பிடிக்கவில்லை. நடுவில் ஏதாவது உண்டா?

உண்டு. லிப்ரேஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ போனால் நிறங்களுக்கான பக்கம் இருக்கும். அதில் ‘டாகுமென்ட் பேக்கிரவுண்ட்’ என்பதற்கு வெளிர்மஞ்சளோ வெளிர்சாம்பலோ கொடுங்கள். இது பார்வைக்கு மட்டும்தான், கோப்பில் ஏறாது. வேர்டில் ‘ரீட் மோடு’ போய் பக்க நிறத்தை ‘செப்பியா’ என்ற வெளிர்பழுப்பு ஆக்கலாம், படிப்பதற்கு இதமாக இருக்கும். விண்டோஸின் ‘நைட் லைட்’ திரை முழுவதையும் மஞ்சளாக்கும். கோப்பில் வண்ணப் படங்களோ வரைபடங்களோ இருந்தால், அவற்றின் நிறத்தைச் சரிபார்க்கும்போது மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.