கூரையில்லாத லாரி

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வுபெறும் வரை லாரி ஓட்டினார், பெரும்பாலும் லேலண்ட். அலுவலக நண்பர் ஒருவர் லேலண்ட் வெள்ளைக்காரன் கம்பெனி, டாடாதான் சுதேசி என்கிறார். எது உண்மை? அந்தக் காலத்து வண்டிகளின் உறுதி இப்போதைய வண்டிகளில் இல்லை என்பது என் எண்ணம். இரட்டைக் கிளட்ச் மிதித்து ஓட்டிய கலையும் போய்விட்டது. அப்பாவிடம் பழைய கதைகளைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். நீங்களும் இளமையில் லாரி ஓட்டியதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

கே., ஆத்தூர்

அன்புள்ள கே.,

புதிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து நான் பழைய லாரி ஓட்டுநர்களின் நினைப்பாகவே இருக்கிறேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

முதலில் உங்கள் நண்பரின் வாதத்தை முடித்துவிடுவோம். இங்கிலாந்தின் லங்காஷயரில் லேலண்ட் என்பது ஓர் ஊர். அங்கே நீராவியில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் சம்னர், ஹென்றி ஸ்பரியருடன் சேர்ந்து 1896-இல் நீராவி வண்டிக் கம்பெனி தொடங்கினார். ஒன்றரை டன் ஏற்றும் நீராவி வேன்தான் தொடக்கம். இங்கே ரகுநந்தன் சரண் 1948-இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அசோக் அவருடைய மகன் பெயர். எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைக் கோர்த்தார்கள், பிறகு லேலண்டின் காமெட் லாரி வந்தது, கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. டாடாவின் டெல்கோ 1945-இல் ரயில் இன்ஜின் செய்யப் பிறந்தது. 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு லாரிக்கு வந்தது. 1969 வரை அந்த லாரிகளின் நெற்றியில் இருந்தது ஜெர்மன்காரனின் மூன்றுமுனை நட்சத்திரம். ஆக, இருவருமே அடுத்தவனிடம் தொழில் கற்றவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், இல்லை, சொல்லாமலும் இருக்கலாம்.

என்னைக் கோபப்படுத்தியது "அந்தக் காலத்து உறுதி" என்ற பேச்சு. கே., அந்த உறுதி யாருக்கு இருந்தது? அடிச்சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் இருந்தது. அதற்கு மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன இருந்தது?

என் சித்தப்பா புதுச் சேஸ்களை, அதாவது கேபின் கட்டாத வெறும் வண்டிகளை, தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்து ஒப்படைக்கும் வேலை பார்த்தார். கம்பெனி பெயர் வேண்டாம். அன்று எல்லோரும் அப்படித்தான் கொடுத்தார்கள். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு முகப்புத் தகடு. அவ்வளவுதான். கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. ஒரு தற்காலிகப் பலகையில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் ஓட்டுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் மழை பிடித்தது. வேகமாகப் போனால் துளிகள் முகத்தில் அறைகின்றன, மெதுவாகப் போனால் மழை விடுவதாக இல்லை. சித்தப்பா உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடியே ஓட்டினார். மறு கண் அலுத்தபோது மாற்றிக்கொண்டார். சின்னசேலம் தாண்டி மழை விட்ட பிறகுதான் என்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். நான் லாரி ஓட்டப் பழகியது அப்படி. கை நடுங்கியது குளிராலா பயத்தாலா என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு வண்டி சங்ககிரிக்கோ நாமக்கல்லுக்கோ போகும். பட்டறையில் மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்தி, கேபின் கட்டுவார்கள். அந்த ஆசாரிகள் கெட்டிக்காரர்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேருக்கு நேர் மோதினால் மரச்சட்டம் என்ன செய்யும்? லேலண்டின் இங்கிலாந்து நிறுவனம் 1964-லேயே எர்கோமேட்டிக் என்ற இரும்புக் கேபினைக் கொண்டுவந்துவிட்டது. இத்தாலியின் மிக்கெலோட்டியைக் கொண்டு வடிவமைத்தது. அப்படியே முன்பக்கம் சாய்த்து இன்ஜினைப் பார்க்கலாம். ஆக, ஓட்டுகிறவன் எப்படி உட்கார்வான் என்று யோசிக்கத் தெரியாத காலமில்லை அது. இந்த நாட்டில் அதை யோசிக்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. தொழிற்சாலை பட்டறையைக் காட்டும், பட்டறை முதலாளியைக் காட்டும், முதலாளி பட்ஜெட்டைக் காட்டுவார். 1998-இல் வால்வோ பெங்களூருக்கு அருகே ஓசக்கோட்டையில் லாரி செய்யத் தொடங்கியபோது, குளிரூட்டிய கேபினைப் பார்க்க நம் ஓட்டுநர்கள் திருவிழாத் தேரைச் சுற்றுவதுபோல அந்த வண்டியைச் சுற்றிவந்தார்கள். அதன் பிறகும் விதி வர இத்தனை ஆண்டுகள்.

கேபின் கட்டிய பிறகாவது சுகமா? இன்ஜின் ஓட்டுநரின் இடதுபக்கமே இருக்கும். அதன் மூடிமேல் கிளீனர் தூக்குவாளியை வைத்தால் சேலத்தில் கட்டிய சோறு ஓசூரிலும் சூடாக இருக்கும். அந்தச் சூடு முழுக்க இடது முழங்காலில்தான் இறங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைப் பாரத்தோடு நின்ற இடத்தில் திருப்ப, இருக்கையை விட்டு எழுந்து உடம்பு முழுவதையும் சக்கரத்தில் போட வேண்டும்.

இரட்டைக் கிளட்ச் கலைதான், மறுக்கவில்லை. தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து ஆக்சிலேட்டரை ஒரு உறுமல் உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். பற்கள் வேகம் ஒத்துச் சேரும்படி கியர் பெட்டியைச் செய்யாததால் ஓட்டுநரின் கால் அந்த வேலையைச் செய்தது. அதைக் கலை என்று நாம் சாய்வு நாற்காலியிலிருந்து புகழ்கிறோம்.

உங்கள் அப்பா எழுந்து போவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நீங்கள் அவரிடம் வண்டியைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். ஆத்தூரிலோ சேலத்திலோ லாரி ஷோரூமுக்கு அவரை ஒருநாள் அழைத்துப்போங்கள். வாங்குவதாகப் பாவனை செய்யலாம், தவறில்லை. கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி, அந்த இருக்கையில் அவர் உட்காரட்டும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். திட்டினால், திட்டியதை அப்படியே எழுதுங்கள்.