அந்தத் தாயாரிடம் யார் கேட்டார்கள்?

கேள்வி: அம்மா, எனக்கு வயது ஐம்பத்து நான்கு. கோண்டாவில், திருநெல்வேலி, நல்லூர்ப் பகுதிகளில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் காணித் தரகராக இருக்கிறேன். ஒரு காலத்தில் எந்த வளவு விலைக்கு வருகிறது என்பதை ஊர் என் வாயால்தான் அறியும். இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் முகநூலிலும் இக்மன் விளம்பரத் தளத்திலும் தாங்களே விளம்பரம் போடுகிறார்கள். ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் என் வாடிக்கையாளர்களைக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் துணிந்து, கனடாவில் உள்ள ஒருவருடைய வீட்டை வீடியோ எடுத்து யூடியூப்பில் போட்டேன். அவருடைய தாயார் மட்டும் அங்கு இருக்கிறார். அவர் பின்வளவில் காவோலை பொறுக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, அவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் எடுத்து முடித்தேன். பலர் பார்த்தார்கள், அழைப்புகளும் வந்தன, சிலர் நேரிலும் போய்ப் பார்த்தார்கள். எல்லாரும் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். மகன் பிறகு அனுப்புவதாகச் சொல்கிறார். ஒன்றும் சரிவரவில்லை. கொழும்பில் மூன்று மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சி ஒன்று இருக்கிறது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்தால் கட்டணத்தைக் கட்டிவிடலாம். மகள் வேண்டாம் என்கிறாள். நான் பயிற்சிக்குப் போகட்டுமா, அல்லது தொழிலையே விட்டுவிடட்டுமா?
— கோண்டாவில் வாசகர்

பதில்: புதிய கருவி வந்து பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்ற கடிதம் எனக்குப் புதிதன்று. அச்சுக்கோத்தவர் எழுதியிருக்கிறார், கலியாண வீடுகளில் படம் பிடித்தவர் எழுதியிருக்கிறார், கச்சேரி என்னும் அரச செயலக வாசலில் விண்ணப்பம் தட்டச்சுச் செய்து கொடுத்தவரும் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் அனுபவம் வீண்போகாது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். உங்கள் கேள்வியை விட, அதற்கு முன்னர் ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன செய்திதான் என்னை மேலே வாசிக்கவிடாமல் நிறுத்தியது.

தம்பி, ஒரு முதிய பெண் காவோலை பொறுக்கப் பின்வளவுக்குப் போகும்வரை நீங்கள் காத்திருந்தீர்கள். அவர் வாழும் வீட்டின் விறாந்தையையும் அறைகளையும் அவர் அறியாமல் படம் பிடித்து உலகம் முழுவதும் பார்க்கும்படி போட்டுவிட்டு, அதைத் தொந்தரவு கொடுக்காத செயல் என்று எனக்கு எழுதுகிறீர்கள். மகன் தாயிடம் விற்பனையைப் பற்றிப் பேசியிருந்தால் நீங்கள் படலையைத் திறந்து, முன்கதிரையில் இருந்து, அவர் ஊற்றித் தரும் தேநீரையும் குடித்துவிட்டு, வெளிச்சம் நன்றாக உள்ள நேரத்தில் ஆறுதலாக எடுத்திருப்பீர்கள். மகன் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்துகொள்ள நீங்கள் விரும்பவில்லை. இரண்டில் எதுவானாலும் பிழை பிழைதான்.

சிலர் நேரில் போய்ப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் படலையைத் திறந்துவிட்டது யார்? அந்த அம்மாதான் திறந்திருப்பார். முன்பின் அறியாத மனிதர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, இந்த வீடு விலைக்கு என்று யூடியூப்பில் பார்த்தோம் என்று சொல்லும்போதுதான், தான் வாழும் வீடு விற்கப்படுவதை அவர் முதன்முதலாக அறிந்திருப்பார். இது உங்கள் தாயாருக்கு நடந்திருந்தால் படம் எடுத்தவனை நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை. பின்கதவு எங்கே இருக்கிறது, அலுமாரி எந்த அறையில் இருக்கிறது, சுற்றுமதிலின் உயரம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த வீடியோவில் இருக்குமானால், முதியவர் ஒருவர் தனித்திருக்கும் வீட்டுக்குள் நுழைய வழி தேடும் திருடனுக்கும் நீங்கள் உதவி செய்திருக்கிறீர்கள்.

பெற்றோரை இங்கே வீட்டுக்குக் காவலாக விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பணம் அனுப்புவது கடமையின் ஒரு பங்கு மட்டுமே. கேட்டுச் செய்வதும் கடமைதான். ஆனால் கடிதம் எழுதியவர் அந்த மகன் அல்லர், நீங்கள்தான். அவர் தாயிடமிருந்து மறைக்க விரும்பிய செய்தியை மறைத்துச் செய்துகொடுக்கும் கையாக நீங்கள் இருந்தீர்கள்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன், ஏனெனில் வியாபாரம் சரிவராததற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. எல்லாரும் உறுதியைக் கேட்கிறார்கள் என்று எழுதியுள்ளீர்கள். உங்களிடம் உறுதி இல்லை. இருபத்தைந்து வருடத் தரகர் உறுதியைப் பார்க்காமல் ஒரு வளவை விலைக்கு வைத்திருக்கிறார். இதையே ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அந்த வீடு தாயாருக்குச் சீதனமாக எழுதப்பட்டதா? அப்படியானால் அது அவருடைய வீடு; மகன் விலை பேசுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தாய் தகப்பன் சேர்ந்து தேடிய தேட்டமா? தகப்பன் மரணசாதனம் (உயில்) எழுதாமல் காலமாகியிருந்தால் பாதியாவது தாயாருடையது, மிச்சம் ஆண் பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் எல்லாருக்கும் உரியது. மகனுக்குச் சகோதரிகள் உண்டா என்றாவது விசாரித்தீர்களா? தாயார் மகனுக்கு நன்கொடையாக எழுதிவிட்டாரா? எங்கள் ஊர்த் தாய்மார் பெரும்பாலும் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டே எழுதுவார்கள்; அந்த ஒரு வரி உறுதியில் இருந்தால் அவர் கண்மூடும்வரை அந்த வீட்டிலிருந்து அவரை எழுப்ப எவராலும் முடியாது. பங்குக் காணியாக இருந்தால் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதை எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பதை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் வகுத்துள்ளது. இத்தனை கேள்விகளுக்கும் பதில் தெரிந்த ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தார். அவர் பின்வளவுக்குப் போகும்வரை நீங்கள் காத்திருந்தீர்கள்.

வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரொறன்ரோவில் இருந்து பணம் அனுப்பி வாங்குபவர் வளவைக் கண்ணால் காணாமல் எப்படித் துணிவார்? உங்கள் வீடியோ எதைக் காட்டியது என்பதுதான் என் கேள்வி. மேலிருந்து பார்த்தால் ஓடும் தென்னை வட்டும் தெரியும். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உண்டு என்று உறுதியில் எழுதியிருப்பது மேலிருந்து தெரியாது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் ஊர் திரும்பிய அயலவர் வேலிக் கதியாலை எந்தப் பக்கம் தள்ளிப் போட்டார், அதற்கு முன்னர் வேலி எந்த மரத்தை ஒட்டி ஓடியது என்பதும் தெரியாது. பத்து வருட ஆட்சியால், அதாவது காணியைத் தொடர்ந்து தன் வசம் வைத்திருந்ததால் உரிமை வந்துவிட்டது என்று அயலவர் சொன்னால் அதை எப்படி எதிர்கொள்வது என்பது வாங்குபவருக்கு இருக்கும் உண்மையான பயம். இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016 இல் ஆட்சியுரிமை தொடர்பான விசேட சட்டம் ஒன்று வரவேண்டியிருந்ததே அந்தப் பயம் வீணானதன்று என்பதற்குச் சான்று. பழைய உறுதியில் இரண்டு பரப்பு ஒன்பது குழி என்றிருப்பதை விளம்பரத் தளம் பேர்ச்சில் கேட்கும். பரப்புக்குப் பத்துப் பேர்ச், பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்பதால் அது இருபத்தைந்து பேர்ச் என்று உங்களுக்கு வாயாலேயே வரும். நில அளவையாளரின் புதிய வரைபடத்தில் இருபத்து மூன்றரை என்று வந்தால் மிச்சம் எந்த எல்லையில் போயிருக்கும் என்பதைத் தேடிச் சொல்லவும் உங்களால் முடியும். வாங்குபவர் உங்களுக்குத் தரகு தருவது இதற்காகத்தான்.

அழைப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியதையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இலங்கைக் குடியுரிமையைக் கைவிட்டு வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவருக்குக் காணியை விலைக்குக் கைமாற்ற 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. அழைப்பு வந்தவுடன் இதை மரியாதையாக விசாரித்திருந்தால் எத்தனையோ மணி நேரம் மிஞ்சியிருக்கும். காணிக் கைமாற்றம், உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் நடக்க வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விதி. எத்தனை செயலிகள் வந்தபோதும் அந்த விதி அப்படியே இருக்கிறது, அந்த மேசை வரைக்கும் இரு தரப்பாரையும் பிணக்கில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு வேலையும் இருக்கிறது.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். போக வேண்டாம். சங்கிலி மனைவியுடையது; அதை அடகு வைக்கலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மகள் வேண்டாம் என்றாள் என்று எழுதினீர்கள், ஏன் வேண்டாம் என்றாள் என்பதை எழுதவில்லை. அந்தத் தாயார், உங்கள் மனைவி, உங்கள் மகள் என்று மூன்று பெண்கள் உங்கள் கடிதத்தில் வருகிறார்கள். மூவரில் ஒருவரிடமாவது நீங்கள் கேட்டு அறிந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பழக்கத்தைக் கொழும்பில் மூன்று மாதம் இருந்தாலும் ஒருவரும் மாற்றித் தரமாட்டார்கள். முகநூலில் விளம்பரம் போடுவதற்கும் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் பட்டியல் வைப்பதற்கும் தேவையான அறிவு உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கும். அவளைக் கேளுங்கள், அவள் செலவிடும் நேரத்துக்குத் தரகில் ஒரு பங்கையும் கொடுங்கள். மகள் என்பதற்காகச் சும்மா செய்யச் சொல்லாதீர்கள்.

முதலில் அந்த வீடியோவை இன்றே அகற்றுங்கள். நாளை பின்னேரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவிடம் போய், செய்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். விற்பனைக்கு அவர் மனமார உடன்படவும் கூடும்; மகனோடு போயிருக்க ஆசைப்படும் தாய்மாரையும் நான் அறிவேன். அதை அவர் வாயால் கேட்க வேண்டும். அன்றிரவே மகனுக்கு அழைத்து, தாயும் சகோதரங்களும் அறியாமல் இனி ஓரடியும் எடுத்துவைக்க மாட்டேன் என்றும், உறுதியின் பிரதி வந்து, காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடிப் பார்த்த பிறகே விளம்பரம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எல்லாரும் உடன்பட்டால் புதிதாக எடுங்கள். மகள் கமெராவைப் பிடிக்கட்டும். நீங்கள் வளவின் நான்கு எல்லைகளிலும் நடந்து, கிழக்கே யாருடைய காணி, வழி எத்தனை அடி அகலம், கிணற்றுத் தண்ணீர் கோடையில் எந்த மட்டத்தில் நிற்கும், அது நன்னீரா சவரா என்று உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். பின்னணி இசை வேண்டாம். அறைகளுக்குள் போக வேண்டாம், சாமியறைக்குள் போகவே வேண்டாம்; அந்த அம்மா அங்கு இருக்கும்வரை கூகுள் வரைபடத்தில் வீட்டைக் குறித்துக் காட்டவும் வேண்டாம். பார்க்க வருபவர்களை நீங்களே கூட்டிக்கொண்டு, முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மகன் கோபித்துக்கொண்டு ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்களிடம் போனால் போகட்டும். அவர்கள் எத்தனை பேரைக் கூட்டிவந்தாலும், முற்பணம் கைமாறும் முன்னர் வாங்குபவரின் நொத்தாரிசு உறுதியை எடுத்துப் பார்த்து, இந்த அம்மா எங்கே கையெழுத்து வைக்கிறார் என்றுதான் கேட்பார்.