கூவம் ஆறா, சாக்கடையா? – வாசகர் கேள்வி பதில்

கே: நேப்பியர் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் என் பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது ஆறா, சாக்கடையா தாத்தா?" என்கிறான். என்ன சொல்வது?
– வாசகர், திருவல்லிக்கேணி

ப: ஆறுதான் என்று தைரியமாகச் சொல்லுங்கள் ஐயா. முடிந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு அவனைத் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் கூவம் கிராமத்துக்கே கூட்டிப்போங்கள். ஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்த ஊர்தான். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து வரும் தண்ணீரோடு கூவம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து, அங்கிருந்து கடல் வரை சுமார் 72 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு இது.

சரி, அப்புறம் ஏன் இங்கே இப்படி நாறுகிறது? கேசவரத்துக்கு வருகிற தண்ணீரில் பெரும்பகுதி கொசஸ்தலை வழியாகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுகிறது. கூவத்தில் வருவதையும் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மடக்கி, புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறோம். இரண்டுமே நம் குடிநீர் ஏரிகள். ஆக, ஆற்றின் நல்ல தண்ணீரைக் குடித்து, குளித்து, துவைத்துவிட்டு, கழிவுநீராக அதே ஆற்றில் கொண்டுபோய் விடுகிறோம். வெயில் காலத்தில் நகரத்துக்குள் ஓடுவது ஏறக்குறைய அது மட்டும்தான். குடிக்க எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, இத்தனை லட்சம் பேருக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் சுத்திகரிக்காமல் திருப்பி அனுப்புவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

இன்னொரு சிக்கல் முகத்துவாரத்தில். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதிலிருந்து அந்த மணல் போக வழியில்லாமல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான், கூவத்தின் வாய் அடைபடுவதும் அதனால்தான். ஆற்றில் வேகமாகத் தண்ணீர் வந்தால் மணல் திட்டை அதுவே உடைத்துக்கொள்ளும், மேலே சொன்னதுபோல் அந்தத் தண்ணீர் வருவதில்லை. இயந்திரம் வைத்துத் தோண்டினாலும் கொஞ்ச நாளில் மறுபடி மூடிக்கொள்கிறது. கடல் ஏறி இறங்கி ஆற்றைக் கழுவ முடியாமல் கழிவு அப்படியே தேங்கி நாறுகிறது. பேரனிடம் இதையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

கே: வேளச்சேரியில் வீடு. பக்கத்தில் ஆறே இல்லை, ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். செம்பரம்பாக்கத்தைத் திறப்பதால்தான் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, வேளச்சேரி

ப: இல்லை அம்மா. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தபோது மூழ்கியவை அந்தக் கரையோரப் பகுதிகள். உங்கள் தெருவின் கதை வேறு. உங்களைச் சுற்றியிருக்கும் ஏரிகளின் உபரியெல்லாம் இறங்குகிற இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற வடிகால், பிறகு பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு அது. 2022ல் ராம்சார் தலமானபோது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது, பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர்தான். மீதி இடத்தில் குப்பை மேடும் சாலைகளும் கட்டடங்களும் வந்துவிட்ட பிறகு, தண்ணீர் பழைய இடத்துக்குத்தான் வருகிறது, அங்கே இப்போது வீடுகள் இருக்கின்றன. வீட்டை விற்றுவிட்டுப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒக்கியம் மடுவை அகலமாகவும் அடைப்பில்லாமலும் வைத்திருக்கச் சொல்லி உங்கள் குடியிருப்போர் சங்கம் மழைக்கு முன்பே, சித்திரை வைகாசியிலேயே, மனு கொடுக்கட்டும். கார்த்திகையில் கொடுத்துப் பயனில்லை.

கே: பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடியது நிஜமா?
– வாசகர், மயிலாப்பூர்

ப: நிஜம். உப்பும் விறகும் படகில்தான் நகரத்துக்கு வந்தன. 1806ல் எண்ணூர் பக்கம் தொடங்கிய கால்வாய் அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக மக்களை வைத்து வெட்டித்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள், அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரும் ஒட்டிக்கொண்டது. பசியோடு மண் சுமந்தவர்களின் கால்வாய் என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்வேன். அடுத்தமுறை உங்கள் ஊரில் பறக்கும் ரயிலில் ஏறும்போது கீழே பாருங்கள், அந்தத் தூண்கள் நிற்பது கால்வாய்க்குள்தான்.