1963-இல் பொலிவியா தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையை வென்றது மலை உயரத்தால் மட்டும்தானா?

இல்லை. நீங்கள் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள், உங்கள் மேல் கோபமில்லை. சொன்னவர் மேல்தான்.

ராணுவத்தில் இருந்தபோது லடாக்கின் லே நகரில் பணியாற்றினேன். ஏறக்குறைய 3,500 மீட்டர். பொலிவியாவின் லா பாஸ் நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். புதிதாக வருபவர்களை முதல் சில நாட்கள் ஓடவே விடமாட்டார்கள். உடம்பு பழகியதும் எங்கள் யூனிட்டுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் ஆட்டம் நடக்கும். தஞ்சாவூரில் உதைத்த அதே வேகத்தில் உதைத்தால், மெலிந்த காற்றில் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழும். மூச்சும் வாங்கும். ஆனால் அந்தப் பையன்கள் மூச்சால் ஜெயிக்கவில்லை. பந்தைத் தரையோடு தரையாகக் காலுக்குக் கால் மாற்றி, நாங்கள் திரும்புவதற்குள் கோல் வாசலில் நிற்பார்கள். சிறுவயது முதல் சேர்ந்தே ஆடியவர்கள். தோற்றுத் திரும்பும் எங்கள் ஆட்கள் "எல்லாம் உயரம்" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு அப்போதே பிடிக்காது.

பொலிவியா விஷயமும் இதுதான். சொந்த மண்ணில் நடந்த அந்தப் போட்டியை லா பாஸில் ஈக்வடாருடன் 4–4 என்று சமன் செய்துதான் தொடங்கினார்கள். அன்று உயரம் எங்கே போயிற்று? அர்ஜென்டினாவை 3–2 என வென்றது லா பாஸில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்ச் 31 அன்று பிரேசிலை 5–4 என வீழ்த்தியது கோச்சபாம்பா என்ற இன்னொரு பொலிவிய நகரில். ஏறத்தாழ 2,550 மீட்டர், நம் ஊட்டியைவிடச் சற்றுத்தான் அதிகம். பயிற்சியாளர் டானிலோ ஆல்விமே பிரேசில்காரர், 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் தோற்ற பிரேசில் அணியில் ஆடியவர். விக்டர் உகார்த்தே போன்ற ஆட்டக்காரரும் இருந்தார்.

பிரேசிலின் பெலேயும் காரிஞ்சாவும் வரவில்லை, உருகுவேயும் சிலியும் கலந்துகொள்ளவில்லை என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும். வராதவர்களை யார் தோற்கடிக்க முடியும்? உயரத்தால் லாபமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அது மட்டுமே போதுமென்றால் 1997-இல் இதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதே லா பாஸில் பிரேசிலிடம் 1–3 என்று தோற்றிருக்க மாட்டார்கள்.

சொந்த மண்ணில் ஆடுவது லாபம் என்கிறார்களே, முதலில் ஆட மண் வேண்டாமா? நான் பந்து பழகிய மைதானத்தில் இன்று ஆண்டில் பாதி நாள் பொருட்காட்சிக் கொட்டகை நிற்கிறது. மீதி நாள் லாரி நிறுத்துகிறார்கள். கோல் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். மனு கொடுத்தும் பதில் இல்லை.