சர்வர் கேள்வி – பதில்: நள்ளிரவில் நின்றுபோகும் வி.எம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் புராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது வி.எம்.களை, ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது. டேட்டாபேஸுக்கு 24, இரண்டு விண்டோஸுக்குத் தலா 8, மெயிலுக்கு 8, வெப் சர்வருக்கு 4 என ஐந்து வி.எம்.களுக்கும் சேர்த்து 52 ஜிபிதான் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் இரவு பேக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் வி.எம். மட்டும் திடீரென நின்றுவிடுகிறது. உள்ளே பார்த்தால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. வட்டு, இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையில் 2 டிபி பூல் (வட்டுத் தொகுப்பு). பழைய 7-ஆம் பதிப்பில் நிறுவி, அப்கிரேடு செய்துகொண்டே வந்திருக்கிறோம்.
– வாசகர், திருப்பூர்

பதில்: வி.எம்.முக்குள் தேடிப் பயனில்லை. அதை நிறுத்தியது ஹோஸ்டின் (வி.எம்.களைத் தாங்கும் சர்வரின்) கர்னல், அதாவது அதன் இயங்குதளத்தின் மையப் பகுதி. ஹோஸ்டில் 'ஜர்னல்சிடிஎல் -கே' கொடுத்து, வி.எம். நின்ற நேரத்தை ஒட்டிய வரிகளைப் பாருங்கள். 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்' என்று தொடங்கும் வரியில் 'கேவிஎம்' என்ற பெயர் இருக்கும். அதே வரியில் 'அனான்-ஆர்எஸ்எஸ்' (அந்த பிராசஸ் பிடித்திருந்த ரேம்) என்று கேபி கணக்கில் ஓர் எண் இருக்கும். அது இரண்டரைக் கோடியை ஒட்டி இருந்தால், கொல்லப்பட்டது உங்கள் 24 ஜிபி வி.எம்.தான். ரேம் தீர்ந்துபோனால், அதிகம் பிடித்துவைத்திருக்கும் பிராசஸையே கர்னல் பெரும்பாலும் பலியிடும். டேட்டாபேஸ் மட்டும் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

52-தானே கொடுத்தோம், மீதி எங்கே போனது? 64 ஜிபி மாட்டியிருந்தாலும் 'ஃப்ரீ' கட்டளையில் 62 சொச்சம்தான் தெரியும். 52 போக 10. ஒவ்வொரு வி.எம்.முக்கும் கொடுத்த ரேம் போக, அதை ஓட்டும் கியூஎம்யூ பிராசஸுக்கென்று தனியாகச் சில நூறு எம்பி வேண்டும். ஹோஸ்டின் சொந்த வேலைகளுக்கு 2 ஜிபியாவது விட வேண்டும். இதற்கு மேல்தான் இசட்.எஃப்.எஸ்.ஸின் ஆர்க் கேச் (வட்டில் படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) வருகிறது. பழைய நிறுவல்களில் அதன் உச்ச வரம்பு, ஹோஸ்ட் ரேமில் குறைந்தது பாதி. அதாவது உங்களிடம் ஏறக்குறைய 31 ஜிபியாவது! புராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல், புதிதாக நிறுவும்போது ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று இன்ஸ்டாலரே வரம்பு வைத்துவிடுகிறது. அப்கிரேடு செய்தவர்களுக்கு இது கிடைக்காது. அவர்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பேக்கப், எல்லா வட்டுகளையும் தலை முதல் கால் வரை படிக்கிறது. படித்ததெல்லாம் ஆர்க்கில் வந்து சேர்கிறது. தேவை வந்தால் ஆர்க் ரேமைத் திருப்பித் தரும் என்பது உண்மை, ஆனால் உடனே தராது. அந்த இடைவெளியில் யாராவது பெரிதாகக் கேட்டால் கர்னல் கத்தியை எடுத்துவிடும். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: 'ஃப்ரீ' வெளியீட்டில் ஆர்க், கேச் பத்தியில் வராது, 'யூஸ்டு' பத்தியில் வரும். 'ஆர்க்_சம்மரி' கொடுத்தால்தான் உண்மை தெரியும்.

வரம்பை எவ்வளவு வைப்பது? 2 ஜிபி, அதோடு பூலில் உள்ள ஒவ்வொரு டிபிக்கும் 1 ஜிபி. உங்களுக்கு 4. மாட்ப்ரோப்.டி கோப்புறையில் உள்ள இசட்.எஃப்.எஸ். கான்ஃப் கோப்பில் 'ஆப்ஷன்ஸ் இசட்எஃப்எஸ்' என்று தொடங்கி, 'இசட்எஃப்எஸ்_ஆர்க்_மேக்ஸ்' மதிப்பாக 4294967296 எழுதுங்கள். இது பைட் கணக்கு. எம்பி என்று நினைத்து 4096 எழுதினால், இசட்.எஃப்.எஸ். அதைக் கண்டுகொள்ளாமல் பழையபடியே ஓடும். ரூட்டும் (ஹோஸ்டின் இயங்குதளம் இருக்கும் பகுதியும்) இசட்.எஃப்.எஸ்.ஸில் இருந்தால் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' கொடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். இதை மறந்தால் ரீபூட்டுக்குப் பிறகும் பழைய வரம்பே இருக்கும். இன்னொரு கவனம்: ஆர்க்கின் கீழ் வரம்பு, ரேமில் 32-இல் ஒரு பங்கு. மேல் வரம்பை அதற்கும் கீழே இறக்க நினைத்தால் கீழ் வரம்பையும் சேர்த்து இறக்க வேண்டும். உங்களுக்கு அது 2 ஜிபிதான் என்பதால் 4 வைக்கத் தடையில்லை.

கேள்வி: எல்லா வி.எம்.களுக்கும் பலூன் (ஹோஸ்டில் நெருக்கடி வந்தால் வி.எம்.மிடமிருந்து ரேமைத் திரும்பப் பெறும் வசதி) போட்டால், இருக்கிற ரேமிலேயே இன்னும் இரண்டு வி.எம். ஏற்றலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: டேட்டாபேஸுக்குப் போடாதீர்கள். அதன் குறைந்தபட்ச ரேமையும் அதிகபட்ச ரேமையும் ஒரே எண்ணாக வையுங்கள்; பலூன் சுருக்காது, புள்ளிவிவரம் மட்டும் தரும். டேட்டாபேஸ் தன் பஃபருக்கென்று ரேமைத் தொடங்கும்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு பலூன் ஊதி அந்த இடத்தைப் பறித்தால் கெஸ்ட் (வி.எம்.முக்குள் ஓடும் இயங்குதளம்) ஸ்வாப்பில், அதாவது ரேமுக்குப் பதிலாக வட்டில், விழும், ஒவ்வொரு கேள்விக்கும் வட்டைத் தொட வேண்டிவரும்.

மற்ற வி.எம்.களுக்கு வைக்கலாம். ஹோஸ்டின் ரேம் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டும்போது பலூன் ஊதத் தொடங்கும், குறைந்தபட்ச எண் வரை கெஸ்டைச் சுருக்கும். ஆகவே அந்த எண்ணை ஒப்புக்கு 512 எம்பி என்று வைக்காமல், நெரிசலான நேரத்தில் கெஸ்டுக்கு உண்மையில் தேவைப்படுவதையே வையுங்கள். லினக்ஸில் டிரைவர் கர்னலோடு வருகிறது. விண்டோஸில் விர்ட்டியோ டிரைவர் தொகுப்பிலிருந்து பலூன் டிரைவரையும் அதன் சர்வீஸையும் நிறுவ வேண்டும். பலூன் ஊதியிருக்கும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ரேம் நிரம்பித் தெரியும், ஆனால் எந்த பிராசஸும் அதைப் பிடித்திருக்காது. லினக்ஸில் மொத்த ரேமே குறைந்து காட்டும். இரண்டையும் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேட வேண்டாம். பி.சி.ஐ. பாஸ்த்ரூ (ஹோஸ்டின் கார்டு ஒன்றை நேரடியாக ஒப்படைப்பது) கொடுத்த வி.எம்.மின் ரேம் முழுதும் பூட்டப்பட்டுவிடும். அங்கே பலூனால் எதையும் மீட்க முடியாது.

இரண்டு வி.எம். கூடுதலாக ஏற்றியே ஆக வேண்டுமென்றால் ரேம் வாங்குங்கள். பலூன், நெருக்கடியில் சிறிது மூச்சுவிட இடம் தரும். இல்லாத ரேமை அது உண்டாக்காது.

கேள்வி: பேனலில் லினக்ஸ் வி.எம். 95 சதவீதம் என்று காட்டுகிறது. ரேம் கூட்ட வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த எண்ணில் கெஸ்டின் கேச்சும் சேர்ந்திருக்கலாம். உள்ளே போய் 'ஃப்ரீ -எம்' கொடுத்து 'அவெய்லபிள்' பத்தியைப் பாருங்கள். அது தாராளமாக இருந்தால் பிரச்சினை இல்லை. சந்தேகமிருந்தால் 'விஎம்ஸ்டாட் 1' ஓடவிட்டு 'எஸ்ஐ', 'எஸ்ஓ' (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரு பத்திகளையும் கவனியுங்கள். எப்போதாவது ஓர் எண் எட்டிப்பார்ப்பது சகஜம். இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றவில்லை. கர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், ப்ராக் கோப்புறையில் 'பிரஷர்' என்பதன் கீழ் 'மெமரி' என்ற கோப்பு பெரும்பாலும் இருக்கும். அதில் 'ஃபுல்' வரியின் 'ஏவிஜி10' (ரேமுக்காக வேலைகள் காத்து நின்ற நேரத்தின் கடைசி 10 விநாடி சராசரி) ஏறிக்கொண்டே போனால், அந்த வி.எம்.முக்கு 2 ஜிபி கூட்டிவிட்டு மறுபடி அதே கோப்பைப் பாருங்கள்.