ரோமத்தோலுக்காகப் பொறி வைக்கிறவர்கள் காட்டைக் காப்பவர்களாக இருக்க முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: கனடாவின் பழங்குடிகள் இன்றைக்கும் ரோமத்தோலுக்காகப் பீவரை (மரத்தைக் கடித்து ஓடையில் அணை கட்டி வாழும் விலங்கு) பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், காட்டுயிர்களைக் காப்பதும் தாங்கள்தான் என்கிறார்கள். இரண்டும் எப்படிச் சேரும்? பேசாமல் மொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன?

கனடா முழுக்க எனக்குத் தெரியாது. கியூபெக்கின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம், வாஸ்ககானிஷ் என்ற கிரீ மக்களின் ஊரில் இரண்டு குளிர்காலம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே பார்த்ததையும் அப்புறம் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். போகும்போது நானும் இதே கேள்வியைத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் வருஷம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பேரனோடு என்னையும் ஸ்கிடூவில் (பனியில் ஓடும் வண்டி) ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போனார். மைனஸ் 28. உறைந்துபோன ஓடையின் ஓரத்தில் பனி மூடிய ஒரு மேடு. எனக்கு அது வெறும் மேடு. அவர் அதன் உச்சியைக் காட்டினார். கைமுட்டி அளவுக்கு ஓர் ஓட்டை, விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி உறைபனி. உள்ளே இருக்கும் பீவர்களின் மூச்சு மேலே வந்து அப்படி உறைந்திருக்கிறது. கிரீ மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பேரனிடம் கேட்டேன். "வீட்லதான் இருக்காங்களாம்" என்றான்.

எத்தனை பேர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இலையுதிர் காலத்திலேயே படகில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். குளிர்காலத் தீனிக்காகப் பீவர் தண்ணீருக்குள் குவித்து வைக்கும் கிளைகளின் அளவு, மரத்தைக் கடித்த இடத்தில் பல் தடத்தின் அகலம், இந்த இரண்டு போதும். அகலமான தடம் பெரியது, குறுகலானது குட்டி. பெரியது இரண்டு, இளசு மூன்று என்றார். பொறி வைத்தது இரண்டே இரண்டு.

பனிக்கட்டியை உடைக்க வைத்திருந்தது நம் ஊர்க் கடப்பாரையேதான், நுனி மட்டும் உளி மாதிரித் தட்டையாக இருந்தது. துளை போட்டு, கம்பில் கட்டிய பொறியைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். சதுரக் கம்பிச் சட்டம் இரண்டு, பக்கத்தில் ஸ்பிரிங். ஃபிராங்க் கோனிபேர் என்ற வடக்கத்திப் பொறிக்காரர் 1950களில் உருவாக்கியது. பழைய இரும்புப் பொறி காலைக் கவ்விப் பிடித்து, ஆள் வந்து பார்க்கும்வரை துடிக்க விடும். இது கழுத்தையோ நெஞ்சையோ அடித்துக் கொன்றுவிடும்.

மறுநாள் ஒன்று கிடைத்திருந்தது. தோலை உரித்து வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள், பெரிய பறை மாதிரி இருந்தது. இறைச்சியைக் கயிற்றில் கட்டி, நெருப்புக்கு முன்னால் சுழல விட்டு வாட்டினார்கள். வாலைத் தணலில் பொசுக்கினால் மேல்தோல் கொப்பளித்துக் கழன்றுவிடும், உள்ளே முழுக்க வெள்ளைக் கொழுப்பு. அதைத்தான் சண்டை போட்டுத் தின்றார்கள். சாப்பிட்டு முடித்ததும் பாட்டி எலும்புகளை ஒன்று விடாமல் பொறுக்கித் துணியில் முடிந்து வைத்தார். நாய் வாயில் படக்கூடாதாம், திரும்ப ஓடைக்கே போய்ச் சேர வேண்டுமாம். அப்படிச் செய்யாவிட்டால் பீவர் இனி வராது.

நம்பிக்கையை நான் ஆராயப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது கணக்கு. அந்தக் குடும்பத்தின் காடு பல பகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வருஷம் ஒரு பகுதியில் பிடித்தால், அப்புறம் மூன்று நான்கு வருஷம் அந்தப் பக்கம் பொறி வைப்பதில்லை. கிரீ நிலம் முழுவதும் இந்த மாதிரிக் குடும்பக் காடுகள் சுமார் 300 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அரசாங்கம் அவருக்கு 'டாலிமேன்' என்று பெயர் வைத்தது, கிட்டத்தட்ட நம் கணக்குப்பிள்ளை. கிரீ மொழியில் அவர் 'பீவருக்குப் பெரியவர்'. யார் எங்கே எத்தனை பிடிக்கலாம் என்று முடிவு செய்வது அவர்தான். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஒருவர்.

இதைச் சொன்னதும் "ஓஹோ, ஆதிகாலத்து ஞானம்" என்று கைகூப்ப வேண்டாம். இந்த ஏற்பாடு ஒருமுறை அடியோடு உடைந்திருக்கிறது. ரோம வியாபாரம் தொடங்கிய இடமே இந்த ஊர்தான். 1668ல் நான்சச் என்ற ஆங்கிலக் கப்பல் இந்த ஆற்று முகத்துவாரத்தில் வந்து நின்றது. இரண்டு வருஷம் கழித்து லண்டனில் ஹட்சன்ஸ் பே கம்பெனி உருவானது. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்குப் பீவரின் அடிமயிர் வேண்டியிருந்தது. (அந்தக் கம்பெனியின் கடைசிக் கடைகளும் 2025 ஜூன் முதல் தேதியோடு மூடப்பட்டன. பீவர் இன்னும் இருக்கிறது.) 1920களில் தோல் விலை ஏறியதும், ரயிலிலும் விமானத்திலும் வெளியாட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு அடுத்த வருஷத்தைப் பற்றிக் கவலை இல்லை. நாம் விட்டுவைத்தால் அடுத்தவன் எடுப்பான் என்றானதும் கிரீக்களும் எடுத்தார்கள். பீவர் கிட்டத்தட்ட இல்லாமலே போனது, ஊரில் பசி வந்தது.

1932ல், அங்கிருந்த கம்பெனி மேலாளர் ஜேம்ஸ் வாட்டின் மனைவி மாட் வாட் கியூபெக் நகரம் வரை போய் அரசாங்கத்திடம் வாதாடி, சுமார் 18,000 சதுர கிலோமீட்டர் காட்டைப் பீவர் காப்பிடமாக வாங்கினார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. கிரீ வேட்டைக்காரர்கள் பீவர் குடியிருக்கும் வீடுகளைத் தேடி எண்ணிக் காவல் காத்தார்கள். 1940ல் மறுபடி பொறி வைக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. வாட் தம்பதியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுதட்டும். ஆனால் பசியோடு பனியில் நடந்து, கண்ணெதிரே இருந்த பீவரைக் கொல்லாமல் எண்ணிவிட்டுத் திரும்பியவர்களுக்குத்தான் என் ஓட்டு. குடும்பக் காடு என்ற பழைய எல்லை திரும்ப வந்ததால்தான் அது நடந்தது. பொறி வைப்பதா கூடாதா என்பதைவிட, அந்த எல்லை யார் கையில் இருக்கிறது என்பதுதான் அங்கே விஷயம்.

அடுத்து, வலி. ஐரோப்பா 1991ல் காலைக் கவ்வும் பொறிக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதன் நெருக்கடியில் 1997ல் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் ஒப்பந்தத்துக்கு வந்தன. கொல்லும் பொறி என்றால் கீரி மாதிரியான எர்மின் 45 விநாடிக்குள், அதைவிடப் பெரிய மார்ட்டன் 120 விநாடிக்குள், பீவர் போன்றவை 300 விநாடிக்குள் நினைவிழக்க வேண்டும். 300 விநாடி என்றால் ஐந்து நிமிஷம். எனக்கு அது நீளம்தான். பொறியில் இருந்ததை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொட்டலத்தில் கறி வாங்கித் தின்கிற நான் அந்தப் பாட்டிக்கு ஜீவகாருண்யம் சொல்லிக் கொடுக்க முடியாது.

சரி, தடை. செய்து பார்த்திருக்கிறார்கள். 1983ல் ஐரோப்பா வெள்ளைச் சீல் (கடல்நாய்) குட்டித் தோலுக்குத் தடை போட்டது. குறி வைத்தது அட்லாண்டிக் கரையின் வணிக வேட்டையை. ஆர்க்டிக்கின் இன்யூட் மக்கள் வேட்டையாடியது குட்டியை அல்ல, வேறு வகை சீலை, அதுவும் இறைச்சிக்காக. சட்டத்திலும் அவர்களுக்கு விலக்கு இருந்தது. என்ன பிரயோஜனம்? சீல் தோல் என்றாலே வாங்க ஆளில்லாமல் போய், அவர்களின் தோல் விலையும் சேர்ந்து விழுந்தது. அந்தக் காசில்தான் பெட்ரோலும் தோட்டாவும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2009ல் வந்த சட்டத்திலும் விலக்கு இருந்தது, சந்தை திரும்பவில்லை. சீல் வேட்டைக்கு எதிரான பழைய பிரசாரத்தால் விளைந்த பாதிப்புக்காக, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கனடா கிளை 2014ல் இன்யூட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம், அதனால் இருளர்கள் ஞாபகம் வராமல் இருக்காது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் 1976 ஏற்றுமதித் தடையும் வந்து பிழைப்பு போனது. ஆனால் 1978ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் முறிமருந்து தயாராகிறது. தோல் வியாபாரம் நின்றது, பாம்பு பிடிக்கும் கை நிற்கவில்லை. தடைக்குப் பின்னால் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நானும் யோசிப்பேன். வடக்கே யாரும் அப்படி எதையும் கொடுக்கவில்லை.

கிரீக்கள் தாங்களே ஒன்றைப் போராடி வாங்கினார்கள். 1971ல் லா கிராண்ட் ஆற்றில் பிரம்மாண்டமான அணைத்திட்டம் அறிவித்தார்கள், இவர்களைக் கேட்காமலே. வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து 1975 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. அதில் ஓர் அம்சம்: வேட்டையாடியும் பொறி வைத்தும் வாழும் குடும்பத்துக்கு, காட்டில் கழிக்கும் நாளுக்கு இத்தனை என்று பணம். தோல் விலை விழுந்தாலும் காட்டுக்குப் போக முடிகிறது என்றால் அதனால்தான். அன்று பிடித்த பீவரின் தோல் ஸ்கிடூவுக்கு ஊற்றிய பெட்ரோலுக்கே காணாது என்று பேரன் சிரித்தான்.

அணை வந்தது. மூழ்கிய காட்டில் மரமும் மண்ணும் அழுக, பாதரசம் மீனுக்குள் ஏறியது, மீனிலிருந்து மனிதருக்கு. தலைமுடியில் எவ்வளவு பாதரசம் என்று பார்ப்பது என் தொழிலுக்குப் பக்கத்து வேலை, அதனால் இது எனக்கு வெறும் செய்தி இல்லை. 1984ல் கனியாப்பிஸ்காவ் ஆற்றைக் கடக்கும்போது சுமார் 10,000 கரிபூ மான்கள் வெள்ளத்தில் செத்தன. மேலே திறந்துவிடப்பட்ட அணைத் தண்ணீரும் ஒரு காரணம் என்பது கிரீக்கள், இன்யூட்களின் குற்றச்சாட்டு. வாஸ்ககானிஷ் ஊரின் சொந்த ஆறான ரூபர்ட்டின் பெரும்பகுதியையும் 2009ல் வடக்கே திருப்பிவிட்டார்கள். கிரீ தலைமை 2002ல் ஒப்பந்தம் போட்டுத்தான் அது நடந்தது, ஆனால் இந்த ஊரில் வாக்கெடுப்பு வைத்தபோது பெரும்பான்மை வேண்டாம் என்றது. மான்ட்ரியாலில் என் வீட்டு ஹீட்டர் ஓடுவதே அந்த வடக்கத்தி மின்சாரத்தில்தான். பீவர் தோல் கையுறையைப் பார்த்து முகம் சுளிக்கும் என் நண்பர்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டாவது குளிர்காலத்திலும் அந்த ஓடை வழியாகப் போனோம். பொறி எல்லாம் வண்டியில் இருந்தது. பெரியவர் அதே மேட்டருகே நிறுத்தினார், இறங்கவில்லை. உச்சி ஓட்டையைச் சுற்றி உறைபனி நன்றாகப் பூத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார், பேரனிடம் ஒரு வார்த்தை சொன்னார், வண்டியைக் கிளப்பினார். அந்தப் பகுதிக்கு அது ஓய்வு வருஷம்.